வீட்டுக்கு எந்த ஆம்ப்?

மகுடி ஒரு நாள் மாஸ்டரிடம் கேட்டான்.

"மாஸ்டர், வீட்டுக்கும் ஆகணும், பேண்டுக்கும் ஆகணும். எந்த ஆம்ப் எடுக்கட்டுங்க?"

மாஸ்டர் கிடாருக்குப் புதுக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிட்டாலும் அவர் பெண்தான். பெயர் ரூபாவதி. சூலூரில் டயர் பட்டறைக்குப் பின்னால் ஓர் அறை வைத்திருந்தார். சத்தம் வெளியே போகாமல் இருக்க சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கும். அங்கே எலக்ட்ரிக் கிடார் சொல்லிக்கொடுத்தார். தாலாட்டுகிற மாதிரி வாசிக்கிற கிடார் இல்லை, உறுமுகிற கிடார்.

மகுடியின் முழுப்பெயர் மகுடீஸ்வரன். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஷெட்டில் ஃபிட்டர். வீடும் அந்தத் தறித்தெருவிலேயே. மனைவி வளர்மதி. எட்டு மாதத்தில் ஒரு பெண் குழந்தை. அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள், ஆனால் வீட்டில் அம்மிணி என்றுதான் கூப்பிட்டார்கள்.

மாஸ்டரின் அறையில், கிடாரின் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்க, இரண்டு ஆம்ப் இருந்தன. இரண்டுமே ட்யூப் ஆம்ப். பின்பக்கம் எட்டிப் பார்த்தால் கண்ணாடிக் குழல்கள் அடுப்புத் தணல் மாதிரி சிவந்திருக்கும். இரண்டிலும் கெயின் என்று ஒரு திருகு உண்டு. அதைக் கூட்டினால் கம்பியைத் தொட்டாலே சீறும். சின்னது அஞ்சு வாட், ஒரு கையால் தூக்கலாம். பெரியது நூறு வாட். அதற்கு நாலு ஸ்பீக்கர் வைத்த மரப்பெட்டி தனியாக உண்டு. பெட்டி இடுப்பு உயரம் இருக்கும்.

"எது எடுக்கலாம்னு சொல்லுங்க மாஸ்டர்."

"எனக்கு எப்படித் தெரியும்? உன் வீடு எனக்குத் தெரியுமா?"

"பாத்திருக்கீங்களே."

"பாத்திருக்கேன். அங்க படுத்துத் தூங்குனதில்ல."

மகுடி சிரித்தான். மாஸ்டர் சிரிக்கவில்லை.

"ஒரு வாரம் சின்னதக் கொண்டு போ. அடுத்த வாரம் பெருசக் கொண்டு போ. வீட்லயும் வாசி, பேண்ட்லயும் வாசி. அப்புறம் வந்து நீ எனக்குச் சொல்லு."

"சரிங்க. இன்னொண்ணு கேக்கணும். பெருசு, நாம வாசிக்காம சும்மா நின்னாலும் ம்ம்ம்முன்னு இரைஞ்சுட்டே இருக்குது. அந்தக் குறைய எப்படிங்க எடுக்கறது?"

"அது குறையா?"

"பின்னே என்னங்க?"

மாஸ்டர் கம்பியை முறுக்கி, சுதி சரியா என்று காதை வைத்துப் பார்த்தார்.

*

சின்ன ஆம்பைக் கொண்டுபோன வாரம், பேண்டில் ட்ரம்ஸ் அடிக்கிற டென்சில் அவனை விடவில்லை.

"டேய், மகுடி ஊதுனா பாம்பு வரணும்டா. நீ ஊதுனா கொசுகூட வரலையே."

மகுடி மாஸ்டரிடம் வந்து சொன்னான்.

"வீட்டுக்கு நல்லா இருக்குதுங்க. பாதி திருகுனாலே குரல் தெறந்துருது. பக்கத்து வீட்டுக்காரங்களும் ஒண்ணும் சொல்லல. ஆனா டென்சில் அடிக்க ஆரம்பிச்சா என் கிடார் எங்க போச்சுன்னு எனக்கே தெரியறதில்ல."

"பெருசக் கொண்டு போ."

பெரியதை ஆட்டோவில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கினான். வளர்மதி முறத்தோடு வெளியே வந்து பார்த்தாள்.

"என்னங்க இது, தறியவே வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டீங்களா?"

"தறியில துணிதானே வரும். இதுல என்ன வருதுன்னு பாரு."

அந்த வாரம் முடிவதற்குள்ளேயே அவன் மாஸ்டரின் அறைக்கு ஓடி வந்தான். டென்சிலும் அங்கே இருந்தான். மகுடிக்குச் சொல்ல வாய் நிற்கவில்லை.

"மாஸ்டர், சத்தத் திருகை ஒண்ணுல வச்சா ஒண்ணுமே இல்லீங்க. ஈ கத்தற மாதிரி இருக்குது. ரெண்டும் அப்படித்தான். சரி ஆகறது ஆகட்டும்னு மூணுல வச்சேன். அய்யோ! ஜன்னல் கம்பி ஆடுது. அடுப்படியில டம்ளர் தானா நகருது. எனக்கு உசுரே போச்சு, புள்ளை முழிச்சிருப்பாளேன்னு. தொட்டிலத் திரும்பிப் பாக்கறேன். அம்மிணி அசையவே இல்லீங்க! அப்படியே தூங்கறா."

மாஸ்டரின் கை கம்பி மேலேயே நின்றது.

"மூணுலயா?"

"நாலு வரைக்கும் போயிட்டேனுங்க."

"வரம்டா உனக்கு," என்றான் டென்சில். "எங்கக்கா பையன் ஸ்பூன் விழுந்தாலே வீட்டக் கூட்டிருவான்."

"தறிச் சத்தத்துல பொறந்தவ பாரு. இனி எனக்கென்ன கவலை? வீட்டுக்கும் பெருசு, பேண்டுக்கும் பெருசு. என் கேள்வி முடிஞ்சுதுங்க மாஸ்டர்."

டென்சில் அவன் முதுகில் தட்டினான். மாஸ்டர் கிடாரைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"மகுடி, சாயங்காலம் ஷிஃப்ட் மாறும்போது நீ எங்க இருப்ப?"

"ஷெட்லதானுங்க. தறி நிக்கற அந்தக் கொஞ்ச நேரத்துலதானே எனக்கு வேலையே."

"அந்த நேரத்துல ஒரு நாளாவது வீட்ல இருந்திருக்கியா?"

"இல்லீங்களே."

"நானும் தறித்தெருவுல பொறந்தவதான். இன்னிக்கு அந்த நேரத்துக்கு வீட்ல இரு."

"எதுக்குங்க?"

"இரு. அப்புறம் வந்து சொல்லு."

*

தறித்தெருவில் பிறந்த குழந்தைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. சத்தத்துக்கு அவை முழிக்காது. வயிற்றில் இருக்கும்போதே கேட்டுப் பழகின சத்தம் அது. சத்தம் நின்றால்தான் முழிக்கும். கூடவே படுத்திருந்த ஆள் எழுந்து போனதுபோல அவற்றுக்கு இருக்கும்போல. அங்கே தாய்மார்கள் ஷிஃப்ட் மாறுகிற நேரத்துக்குள் அடுப்பு வேலையை முடித்துக்கொள்வார்கள், பிள்ளை எழுந்துகொள்ளும் என்று.

மகுடிக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அவன் என்றைக்கும் தறிக்குக் கீழே படுத்து போல்ட்டு முறுக்கிக்கொண்டிருப்பான்.

அன்றைக்கு வீட்டில் இருந்தான். வளர்மதி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உத்தரத்தில் கட்டின சேலைத் தொட்டிலில் அம்மிணி தூங்கினாள்.

"என்ன, இன்னிக்கு ஷெட்டுக்குப் போகலையா?"

"மாஸ்டர் வீட்ல இருக்கச் சொன்னாங்க."

அவள் அவனை ஒரு தரம் பார்த்தாள். திரும்பவும் கீரையைப் பார்த்தாள்.

தறிகள் நின்றன. தெரு முழுக்க ஒரே நேரத்தில் நின்றது. காது அடைத்த மாதிரி ஆனது.

எதிர் வீட்டில் ஒரு குழந்தை வீரிட்டது. அதற்குப் பக்கத்து வீட்டில் இன்னொன்று. கடைசி வீட்டில் இரட்டைப் பிள்ளைகள், அவை இரண்டும் சேர்ந்து பிடித்துக்கொண்டன. "வந்துட்டேன் சாமி, வந்துட்டேன்" என்று யாரோ ஓடுகிற கொலுசுச் சத்தம்.

இவர்கள் வீட்டுத் தொட்டில் அசையவில்லை.

மகுடி தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். வளர்மதி தொட்டிலைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா வளரு?"

"மொதல்ல நல்ல புள்ளைன்னுதான் நெனச்சேனுங்க. ஊரு பூரா அழுவுது, எம்புள்ளை அழுவறதில்லன்னு பெருமையாக்கூட இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு நாள் பின்னாடி நின்னு கூப்பிட்டேன். முன்னாடி போனாத்தான் சிரிக்கறா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் கீரைத்தண்டை ஒடித்தாள். ஒடித்ததையே மறுபடியும் ஒடித்தாள்.

"சொன்னா நெசமாயிருமேன்னு இருந்துச்சு."

அவன் எழுந்து போய்த் தொட்டில் சேலையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க அந்தப் பெரிய பெட்டியக் கொண்டாந்து வாசிச்சீங்கல்ல. நான் அடுப்படியில நின்னுட்டு, முழிச்சிரு சாமி, முழிச்சிரு சாமின்னு வேண்டிக்கிட்டு இருந்தேன். நீங்க சந்தோசமா வாசிச்சிட்டு இருந்தீங்க."

தறிகள் திரும்ப ஓட ஆரம்பித்தன. தெருவில் அழுகை ஒவ்வொன்றாக அடங்கியது.

*

ஆஸ்பத்திரியில் குழந்தையைத் தூங்கவைத்து, தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். இரண்டு காதும் என்றார் டாக்டர். மிஷின் இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, தேவைப்பட்டால் ஆபரேஷனும் பார்க்கலாம், சின்ன வயசிலேயே வந்துவிட்டீர்கள், அடுத்து சொல்கிற தேதிகளை விட்டுவிடாதீர்கள் என்றார். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். வளர்மதி எல்லாவற்றையும் கேட்டு மனதில் வைத்துக்கொண்டாள். மகுடிக்கு முதல் வார்த்தைக்கு மேல் எதுவும் ஏறவில்லை.

அதற்குப் பிறகு அவன் மாஸ்டரின் அறைக்குப் போகவில்லை. பெரிய ஆம்ப் மூலையில் நின்றது. அதன் மேல் ஒரு பழைய சேலையைப் போர்த்தி வைத்தான். வளர்மதி அம்மிணியின் ஈரச் சட்டைகளை அதன் மேல் காயப்போட்டாள்.

டென்சில் ஒரு தரம் வீட்டுக்கு வந்தான்.

"காலேஜ் விழா வருதுடா. உன்னை விட்டுட்டு எப்படி வாசிக்கறது?"

"வேற ஆளப் பாத்துக்க."

டென்சிலுக்கு எப்போதும் வாயில் ஒரு கேலி இருக்கும். அன்றைக்கு அவன் அம்மிணியின் பாதத்தைப் பிடித்து ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

வளர்மதி வெளி ஆட்களோடு போனில் பேசிப் பழகினவள் இல்லை. நம்பரைப் போட்டாள், நிறுத்தினாள். மறுபடி போட்டாள்.

"மாஸ்டருங்களா? நான் மகுடி வீட்லருந்து பேசறேனுங்க."

"சொல்லு கண்ணு."

"அவரு கிடாரத் தொடறதே இல்லீங்க. புள்ளை முன்னாடி ஒரு பாட்டுகூடப் போடறதில்ல. டிவியக்கூட ஊமையா வச்சுத்தான் பாக்கறாரு. வீடு..." போனை மறு காதுக்கு மாற்றினாள். "வீடு கம்முனு கெடக்குதுங்க."

"நாளைக்கு வரேன். டீ போட்டு வை."

*

மாஸ்டர் சாயங்காலம் வந்தார். கையில் ஒன்றும் இல்லை. அவர் வருகிறார் என்று ஷெட்டுக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்த மகுடி எழுந்து நின்றான்.

"வண்டி கொண்டாந்தீங்களா மாஸ்டர்? சின்னது உங்ககிட்ட வந்துருச்சு. இதையும் எடுத்துட்டுப் போயிருங்க. எனக்கு ரெண்டும் வேண்டாம்."

"நான் டீ குடிக்க வந்தேன்."

தரையில் உட்கார்ந்தார். அம்மிணி தவழ்ந்து வந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். மாஸ்டர் கண்ணை உருட்டினார். அம்மிணி சிரித்தாள். இரண்டு பல் முளைத்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்கு மறுபடி எப்ப?"

"வெள்ளிக்கெழமைங்க," என்றாள் வளர்மதி.

"விட்றாதீங்க."

"விடமாட்டோமுங்க."

மகுடி சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அவளுக்கு எட்டாத ஒண்ண அவ முன்னாடியே உக்காந்து எப்படிங்க வாசிக்கறது? பசிச்ச புள்ளைய எதுக்க வச்சுக்கிட்டு நான் மட்டும் தின்னற மாதிரி இருக்குது மாஸ்டர்."

மாஸ்டர் எழுந்து போய் ஆம்பின் மேலிருந்த ஈரச் சட்டைகளை எடுத்து வளர்மதியிடம் கொடுத்தார். சேலையை எடுத்து நான்காக மடித்து ஓரமாக வைத்தார். கிடாரின் ஒயரை ஆம்பில் சொருகினார்.

ட்யூப் ஆம்புக்கு இரண்டு சுவிட்ச். முதலாவதைப் போட்டால் குழல்கள் சூடாகத் தொடங்கும். அவை சூடான பிறகுதான் இரண்டாவதைப் போட வேண்டும். மாஸ்டர் முதலாவதை மட்டும் போட்டார்.

"இப்ப எதுக்குங்க மாஸ்டர் அது?"

"சூடாகட்டும். டீ எங்க?"

டீ வந்தது. மாஸ்டர் ஊதி ஊதிக் குடித்தார். பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்து, இரண்டாவது சுவிட்சைப் போட்டார். சத்தத்தின் திருகை ஒன்றில் விட்டார். கெயினைக் கூட்டினார். கிடாரைத் தொடவில்லை. திரும்பி வந்து மீதி டீயை எடுத்துக்கொண்டார்.

பெட்டி ம்ம்ம் என்று இரைந்தது. தெருவில் தறி ஓடிக்கொண்டிருந்ததால் அது சரியாகக் காதில்கூட விழவில்லை.

அம்மிணிக்கு எதையாவது பிடித்து எழுந்து நிற்கப் பழகுகிற வயசு. பீரோவைப் பிடிப்பாள், குடத்தைப் பிடிப்பாள். இத்தனை நாளும் சேலை மூடியிருந்த பெட்டி அவளுக்குப் புதுசாகத் தெரிந்திருக்கும். தவழ்ந்து போனாள். பக்கவாட்டு மரத்தில் கையை ஊன்றி எழுந்தாள்.

எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கையை எடுத்தாள். கையைப் பார்த்தாள். திரும்ப மரத்தில் வைத்தாள். எடுத்தாள். வைத்தாள். பிறகு திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தாள்.

வளர்மதி போய்ப் பக்கத்தில் மண்டியிட்டாள். பிள்ளையின் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள்.

"ஏனுங்க," என்றாள். "ஏனுங்க, இங்க வந்து பாருங்க."

மகுடி வந்து கையை வைத்தான். எறும்பு ஊர்கிற மாதிரி, பூனையின் வயிறு மாதிரி, மரத்துக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. அவன் அந்த ஆம்பை எத்தனையோ முறை தூக்கியிருக்கிறான். இப்படிக் கையை வைத்துப் பார்த்ததில்லை.

அவன் கிடாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். தடித்த கம்பியை ஒரே ஒரு முறை தட்டினான். மெதுவாகத்தான்.

அம்மிணியின் வாய் திறந்துகொண்டது.

உள்ளங்கையால் கம்பியை அமுக்கினான். அவள் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை என்றதும் பெட்டியைப் பட்டென்று அடித்தாள்.

மறுபடி தட்டினான். அவள் கெக்கலித்தாள். கன்னத்தை ஸ்பீக்கர் துணியில் வைத்தாள், வயிற்றை வைத்தாள், துணியெல்லாம் எச்சில் ஆக்கினாள். அவன் நிறுத்தினால் அடித்தாள். அடித்தால் அவன் வாசித்தான்.

"ஒண்ணுலயே இருக்குது மாஸ்டர்," என்றான். அவன் முகம் எல்லாம் நனைந்திருந்தது. "ஈ கத்தற மாதிரி இருக்குதுன்னு நான்தானுங்களே சொன்னேன்."

"வாசி."

வாசித்தான். வேகமாக எதுவும் இல்லை. ஒரே கம்பி, போவதும் வருவதுமாக. சீறவேண்டிய கிடார் தரையோடு தரையாக முனகியது. வளர்மதி பெட்டியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். பிள்ளை ஆடி ஓய்ந்து அவள் மடியில் சரிந்தாள். ஒரு கன்னம் அம்மாவின் மேல் இல்லை, மரத்தின் மேல். அப்படியே கண் மூடினாள்.

மகுடி கிடாரைக் கீழே வைத்தான்.

அந்த நேரத்துக்கு ஷிஃப்ட் மாறியது. தெருவில் எல்லாத் தறியும் நின்றது. எதிர் வீட்டுக் குழந்தை வீரிட்டது. கடைசி வீட்டு இரட்டைகள் ஆரம்பித்தன. கொலுசுகள் ஓடின.

வீட்டுக்குள் ஆம்பின் இரைச்சல் மட்டும் இருந்தது. இப்போது நன்றாகவே கேட்டது. வாசிப்பு முடிந்த பிறகு அந்த இரைச்சல் எதற்கு என்று மகுடி எழுந்து, சத்தமில்லாமல் நடந்து போய், சுவிட்சில் விரலை வைத்தான்.

மாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நிறுத்திராத, மகுடி," என்றார் மெதுவாக. "புள்ளை முழிச்சுக்குவா."